முள்ளந்தண்டு முறிந்த தம்பி அடுத்த கிழமை வீட்டுக்கு வருகிறார்: என்ன ஆயத்தம் செய்ய வேண்டும்?

கேள்வி: திருகோணமலை குச்சவெளிப் பக்கம் எங்கள் வீடு. கடற்தொழில் செய்யும் 29 வயதுத் தம்பி தென்னையிலிருந்து விழுந்து, முதுகில் டி-11 என்பு நொறுங்கி, கம்பி வைத்துச் சத்திரசிகிச்சை செய்திருக்கிறார்கள். ஆறு கிழமை ஆகிறது. இடுப்புக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. துண்டில் 'ஏ' தரம் என்று எழுதியிருக்கிறது. சிறுநீருக்கு ரியூப் போட்டபடி அடுத்த கிழமை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். அம்மா எண்ணெய் போட்டு உருவ ஆள் பார்த்து வைத்திருக்கிறா. தம்பி எப்போது நடப்பான்? வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

நீங்கள் நடையைப் பற்றிக் கேட்டிருப்பதால் அதையே முதலில் சொல்கிறேன். 'ஏ' தரம் என்றால் காயத்துக்குக் கீழே மட்டுமல்ல, முண்ணாணின் (முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்பு வடத்தின்) கடைசி நரம்புகள் போகும் ஆசனவாய்ப் பகுதியிலும் தொடுகை, அழுத்தம், இறுக்கம் எதுவும் இல்லை என்று அர்த்தம். ஆறு கிழமைக்குப் பிறகும் அப்படியே இருந்தால், கால் பலத்தால் எழுந்து நடக்கும் வாய்ப்புச் சிறியது. திரும்பி வரக்கூடியது பெரும்பாலும் முதல் ஆறு தொடக்கம் ஒன்பது மாதத்துக்குள் வரும். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் வரையும் மெதுவாக மாற்றம் வரலாம். அதனால் ஒவ்வொரு கிளினிக்கிலும் மீண்டும் பரிசோதித்துத் தரத்தை எழுதச் சொல்லுங்கள். ஆனால் வாழ்க்கையை நடை வரும் நாள் வரை நிறுத்தி வைக்காதீர்கள். தம்பியின் இரண்டு கையும் முழுப் பலத்தோடு இருக்கின்றன. இந்த மட்டத்தில் காயப்பட்ட ஒருவர் தானே உடுத்தி, தானே கட்டிலிலிருந்து சில்லுக் கதிரைக்கு மாறி, தானே குளித்து, சமைத்து, தொழிலும் செய்யலாம். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: தோல், சிறுநீர், மலம் மூன்றையும் மணிக்கூடு பார்த்துக் கவனிக்க வேண்டும்.

முன்பு இப்படிக் காயப்பட்டவர்களில் பெரும்பாலானோரைக் கொன்றது முறிவல்ல, படுக்கைப்புண்ணும் சிறுநீரகத் தொற்றும்தான். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் வைத்தியசாலையில் லுட்விக் குட்மன் முள்ளந்தண்டுக் காயப் பிரிவைத் தொடங்கியபோது நரம்பை ஒட்டவைக்கும் வித்தை எதுவும் அவரிடம் இருக்கவில்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்டினார்கள், சிறுநீர்ப்பையைச் சுத்தமாகப் பார்த்தார்கள், ஆட்களை எழுப்பி வேலையும் விளையாட்டும் கொடுத்தார்கள். பரா ஒலிம்பிக்கின் வேர் அங்கேதான் இருக்கிறது. இன்று உங்கள் வீட்டில் நடக்க வேண்டியதும் அதுவேதான்.

வீட்டுக்குக் கூட்டிவர முன் வார்டில் ஒன்று கேளுங்கள்: ராகமவில் உள்ள வாதநோய், புனர்வாழ்வு வைத்தியசாலைக்கோ திகன புனர்வாழ்வு வைத்தியசாலைக்கோ மாற்ற முடியுமா என்று. இரண்டும் அரச வைத்தியசாலைகள். குச்சவெளியிலிருந்து தூரம்தான், கூட நிற்க ஆளும் வேண்டும். இருந்தாலும் கதிரையில் வாழப் பழக்கும் பயிற்சியை நாள் முழுக்கத் தரும் இடம் அதுபோல வேறில்லை. இடம் கிடைக்கத் தாமதமானாலும் பெயரைப் பதிந்துவிட்டு வாருங்கள்.

அடுத்தது எண்ணெய். அம்மாவின் அன்பு புரிகிறது, ஆனால் உருவ வேண்டாம். முதல் மூன்று மாதம் அசையாத காலின் நாளங்களில் இரத்தம் உறையும் ஆபத்து அதிகம். அழுத்தி உருவினால் அந்தக் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போகலாம். அப்படிப் போனால் நிமிடங்களில் உயிர் போகலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் தொடாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். திடீர் மூச்சுத்திணறல் வந்தால் 1990 அம்புலன்சை அழையுங்கள். மூட்டைப் பலவந்தமாக மடக்கினால் இடுப்பு, முழங்கால் மூட்டைச் சுற்றி என்பு வளர்ந்து மூட்டு இறுகவும் கூடும். சூட்டு ஒத்தடம், மணல் ஒத்தடம், வேது எதுவும் வேண்டாம். தம்பிக்குச் சுடுவது தெரியாது, தோல் வெந்த பிறகுதான் நீங்கள் காண்பீர்கள். குளிக்கும் தண்ணீரையும் மடியில் வைக்கும் தேநீர்க் கோப்பையையும் இதே கண்ணால் பாருங்கள். அம்மாவுக்கு வேலை வேண்டுமென்றால் சாப்பாட்டைக் கொடுங்கள். தோல் தாங்கப் புரதம் வேண்டும். நாளுக்கு ஒரு முட்டை, இரு நேரம் மீன், பருப்பு. உங்கள் ஊரில் மீனுக்குக் குறைவில்லையே.

தோல்தான் முதலாவது. நாங்கள் உட்கார்ந்திருக்கும்போது அறியாமலே அசைகிறோம், தம்பிக்கு அந்தச் செய்தி மூளைக்குப் போகாது. என்புக்கும் மெத்தைக்கும் நடுவில் நசுங்கும் தசைக்கு இரத்தம் ஓடாமல், ஒரு பின்னேரத்தில் தொடங்கும் புண் மாதக்கணக்கில் ஆறாமல் கிடக்கும். படுக்கையில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திருப்புங்கள்: இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம். பக்கவாட்டில் படுக்கும்போது நேரே இடுப்பு என்பில் நிறுத்தாமல், முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 பாகை சாய்த்தால் போதும். முழங்கால்களுக்கு நடுவிலும் தலையணை வையுங்கள். குதிக்கால் மெத்தையில் படவே கூடாது. கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதியை அந்தரத்தில் விடுங்கள். கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிக்குக் கீழே வைக்கும் பழக்கம் பயனற்றது. காற்றடித்த ரியூபை வளையமாக வைத்து உட்கார வைப்பது அதைவிட மோசம். வளையத்தின் விளிம்பு இரத்த ஓட்டத்தைத் தடுத்து, நடுவில் உள்ள தோலை இன்னும் பட்டினி போடும். முதுகு ஆறிவிட்டது என்று சத்திரசிகிச்சை வைத்தியர் சொன்னதும் குப்புறப் படுக்கப் பழக்குங்கள். இருபது நிமிடத்தில் தொடங்கிக் கூட்டினால், காலப்போக்கில் இரவின் பெரும்பகுதியைக் குப்புறக் கழிக்கலாம். பிட்டத்துக்கும் ஓய்வு, இடுப்பு மூட்டும் மடங்கி இறுகாது.

காலையும் இரவும் கண்ணாடி வைத்துத் தோலைப் பார்க்க வேண்டும்: நாரிக்குக் கீழே, உட்காரும் என்பு இரண்டும், இடுப்பின் இருபக்கம், விதைப்பை, கணுக்கால், குதி. எங்கள் நிறத் தோலில் சிவப்பு தெரியாமல் போகலாம். கருமை கூடியிருக்கிறதா, சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடா, தடித்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அரை மணி கழித்தும் மாறாத அடையாளம் என்றால் மேற்பரப்பு உடையாமலே உள்ளே புண் தொடங்கிவிட்டது. அது மறையும் வரை அந்த இடத்தில் பாரம் படவே கூடாது. உட்காரும் என்பில் என்றால் கதிரையே இல்லை, கட்டில்தான். தோல் உடைந்துவிட்டால் மஞ்சள், தேங்காயெண்ணெய், ஸ்பிரிட் எதுவும் போடாதீர்கள். ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் ஒன்பது கிராம் உப்பு, அதாவது மட்டமாக ஒன்றரைத் தேக்கரண்டி கரைத்துக் கழுவி, சுத்தமான துணி கட்டிக் கிளினிக்குக் காட்டுங்கள். பாரத்தை எடுக்காமல் என்ன மருந்து கட்டினாலும் ஆறாது.

வீட்டுக்கு வரும் பயணத்திலேயே புண் தொடங்குவது உண்டு. வானில் மெத்தை போட்டுப் படுக்க வைத்தே கொண்டுவாருங்கள். தூரமான வைத்தியசாலையிலிருந்து என்றால் இடையில் நிறுத்தித் திருப்புங்கள். காற்சட்டையின் பின்பக்கப் பையில் திறப்பு, சில்லறை இருக்கக் கூடாது. தையல் தடித்த டெனிம் வேண்டாம், சாறமே நல்லது.

சிறுநீருக்கு வருவோம். இப்போது இருக்கும் ரியூப் தற்காலிகம். அதை வயிற்றிலோ தொடையிலோ ஒட்டி வையுங்கள், இழுபடக் கூடாது. சிறுநீர் சேரும் பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்க வேண்டும். பிறகு பழக வேண்டியது நேரத்துக்கு நேரம் கதீற்றர் என்ற மெல்லிய குழாயைச் செருகி வெறுமையாக்கும் முறை. 1972இல் லாபிடெஸ் என்ற அமெரிக்க வைத்தியர் இதற்குச் சத்திரசிகிச்சைக் கூடத்துக் கிருமியழிப்புத் தேவையில்லை, சவர்க்காரம் போட்டுக் கழுவிய கை போதும் என்று காட்டினார். சிறுநீர்ப்பை நிரம்பி விரிந்து கிடப்பதுதான் தொற்றுக்குப் பெரிய காரணம்.

இதைத் தம்பியே செய்ய வேண்டும், நீங்களோ அம்மாவோ அல்ல. ஆணுக்கு வழக்கமாக 12 அல்லது 14 அளவு நெலற்றன் கதீற்றர். கையைச் சவர்க்காரத்தால் கழுவி, உறுப்பின் நுனியைக் கழுவி, நீரில் கரையும் ஜெல்லைத் தாராளமாகப் பூசி, உறுப்பை வயிற்றுப் பக்கம் நிமிர்த்திப் பிடித்து மெதுவாகச் செருக வேண்டும். 15 - 20 சென்ரிமீற்றர் போகும்போது ஓர் இறுக்கம் தடுக்கும். அங்கே தள்ளக் கூடாது. மெல்லிய அழுத்தத்தோடு பிடித்தபடி ஆழமாக மூச்சு விட்டால் திறக்கும். பலவந்தம் செய்தால் இரத்தம் வரும், வழி தழும்பாகிப் பிறகு கதீற்றரே போகாது. சிறுநீர் வந்ததும் இன்னும் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் உள்ளே விட்டு, நின்ற பிறகு மெதுவாக வெளியே இழுத்து, இடையில் மீண்டும் வந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். கதீற்றரை மீண்டும் பாவிக்க வேண்டிய நிலை என்றால் வார்டில் சொல்லித்தரும்படி செய்யுங்கள்: உள்ளும் புறமும் சவர்க்கார நீரில் கழுவி, உதறிக் காயவைத்து, மூடிய உலர்ந்த டப்பாவில் வைப்பது. டெற்றோல் நீரில் ஊறவைத்தால் அந்த மருந்து உள்ளே போய் எரிவை உண்டாக்கும்.

ஒரு தடவை வருவது 400 - 500 மில்லிலீற்றரைத் தாண்டக் கூடாது. முதல் மாதம் அளவுக் கோப்பையில் பிடித்து, நேரமும் அளவும் கொப்பியில் எழுதுங்கள். காலை 5, 9, பகல் 1, மாலை 5, இரவு 9 என்று ஐந்து தடவை தொடங்கலாம். நனைந்துவிடும் என்ற பயத்தில் தண்ணீரைக் குறைப்பவர்கள் அதிகம். அது கல்லையும் தொற்றையும் மலச்சிக்கலையும் சேர்த்தே கொண்டுவரும். நாளுக்குச் சுமார் இரண்டு லீற்றர், பெரும்பகுதி பகலில், இரவு ஏழரைக்குப் பிறகு வாய் நனைக்க மட்டும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வியர்வையாகவே நிறையப் போய்விடும். அப்போது தாகத்தை நம்பாமல் கொப்பியில் உள்ள அளவையும் நிறத்தையும் பார்த்துக் கூட்டிக் குடிக்க வேண்டும். அடிவயிற்றை முஷ்டியால் அமுக்கிச் சிறுநீர் வரவைக்க வேண்டாம், அழுத்தம் மேலே சிறுநீரகத்துக்கும் போகும். கலங்கல் மட்டும் தெரிந்தால் தண்ணீரைக் கூட்டிப் பாருங்கள். காய்ச்சல், நடுக்கம், கால் இசிவு திடீரெனக் கூடுதல் இருந்தால் அன்றே வைத்தியரிடம் போங்கள். வருடத்துக்கு ஒரு தடவை சிறுநீரக ஸ்கானும் கிரியற்றினின் என்ற இரத்தப் பரிசோதனையும் செய்யுங்கள். வெளியில் எந்த அறிகுறியும் இல்லாமலே சிறுநீரகம் கெட்டுப்போகலாம்.

மலத்துக்கு ஒரு கேள்விக்கு முதலில் விடை வேண்டும்: குதத் தெறிவினை, அதாவது தூண்டினால் குதம் தானாகச் சுருங்கும் தன்மை, இருக்கிறதா, இல்லையா? முண்ணாண் முள்ளந்தண்டின் அடிவரை போவதில்லை, நாரியின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. ஆகவே டி-11 என்பு உடைந்த இடத்துக்கு நேரே உள்ளே இருப்பது கால்களுக்கான நரம்புத் துண்டம். என்பின் இலக்கமும் நரம்பின் இலக்கமும் ஒன்றல்ல. அதனால் தம்பியின் குடல் எந்த வகை என்று வைத்தியர் விரலால் சோதித்துத்தான் சொல்ல முடியும், கேட்டு எழுதி வாங்குங்கள். தெறிவினை இருந்தால்: காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது முப்பது நிமிடத்தில் குடல் தானாக அசையும், அந்த நேரத்தைப் பயன்படுத்துங்கள். வைத்தியர் தந்த, விழுங்காமல் குதத்துக்குள் வைக்கும் பிசகோடில் மலமிளக்கிக் குளிசையைக் குதச் சுவரோடு ஒட்ட வைத்து, கால் மணி பொறுத்து, நகம் வெட்டிய விரலில் கையுறையும் ஜெல்லும் போட்டு 15 - 20 விநாடி வட்டமாகச் சுழற்ற வேண்டும். ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, உள்ளே ஒன்றும் இல்லை என்னும் வரை. தெறிவினை இல்லாவிட்டால் குளிசையும் சுழற்றலும் வேலை செய்யாது. நாளுக்கு ஒன்று இரண்டு தடவை விரலால் எடுக்க வேண்டும், மலமும் சற்றுக் கட்டியாக இருக்க வேண்டும். எந்த வகையென்றாலும் ஒரே நேரம். முதல் இரண்டு மூன்று கிழமை பலன் தெரியாமல் எரிச்சல் வரும். ஆனால் நேரத்தை மாற்றினால் திரும்பப் பூச்சியத்திலிருந்துதான். பல நாள் போகாமல் இருந்து பிறகு தண்ணீராகக் கசிந்தால் அது வயிற்றோட்டமல்ல, இறுகிய மலத்தைச் சுற்றி வழிவது. அதை நிறுத்த மருந்து கொடுத்தால் நிலைமை மோசமாகும்.

இதை வாசிக்கும் வேறு வீடுகளுக்காக ஒன்று. காயம் டி-6 அல்லது அதற்கு மேலே, மார்பு கழுத்துப் பக்கம் என்றால், சிறுநீர்ப்பை நிரம்பினாலோ மலம் இறுகினாலோ இரத்த அழுத்தம் திடீரென ஏறலாம். தலை வெடிப்பதுபோல் வலி, முகம் சிவந்து வியர்த்தல், காயத்துக்குக் கீழே புல்லரித்தல் என்பன அடையாளம். படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடுப்பைத் தளர்த்தி, ரியூப் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள், சிறுநீரை எடுங்கள். குறையாவிட்டால் 1990.

கட்டிலிலிருந்து கதிரைக்கு மாறுவது தம்பியின் நாளில் மிகப் பெரிய வேலை. முதலில் கட்டில் உயரத்தைக் கதிரையின் உயரத்துக்கு, அதாவது குஷனோடு சுமார் 50 சென்ரிமீற்றருக்கு, கட்டை வைத்துச் சமப்படுத்துங்கள். கதிரையை 30 பாகை சரித்து ஒட்ட வைத்து, பிறேக் போட்டு, கட்டில் பக்கத்துக் கைப்பிடியைக் கழற்றி, பாதங்களை நிலத்தில் வைத்து, பிட்டத்தை முன்னுக்கு நகர்த்த வேண்டும். பிறகு தலையும் தோளும் ஒரு பக்கம் சாய, பிட்டம் மறுபக்கம் தூக்கிப் போகும். உயர்த்தித்தான் நகர வேண்டும், இழுபட்டால் தோல் கிழியும். தொடக்கத்தில் 70 சென்ரிமீற்றர் நீளம், 22 சென்ரிமீற்றர் அகலம் வரும், மழுங்க இழைத்த பலகை ஒன்றைப் பாலமாக வையுங்கள். ஊர்த் தச்சர் அரை நாளில் செய்து தருவார். அக்குளில் பிடித்துத் தூக்குவதை வீட்டில் எல்லோரும் நிறுத்த வேண்டும். இதற்கான பலத்துக்கு, முதுகுக்கு அனுமதி கிடைத்த பிறகு, இரு பக்கமும் 10 சென்ரிமீற்றர் கட்டையில் கையூன்றி உடலைத் தூக்கும் பயிற்சி, பத்துப் பத்தாக மூன்று தடவை. கால்களை ஒவ்வொரு மூட்டாக மெதுவாக நாளும் அசைத்துக் கொடுங்கள். முழங்கால் மடங்காமல் காலை 100 பாகைக்கு மேல் உயர்த்த முடிந்தால்தான், கால் நீட்டி உட்கார்ந்து தானே காற்சட்டை போட முடியும். பாதம் 90 பாகையில் நிற்கட்டும், தொங்கினால் கதிரையின் கால்மிதியில் தங்காது.

கதிரை இலவசமாகக் கிடைத்தது என்று எந்த அளவையும் வாங்கிவிடாதீர்கள். வைபவங்களில் ஒரே அளவாகக் கொடுக்கப்படும் 18 அங்குல மடிப்புக் கதிரை ஒல்லியான இளைஞருக்கு அகலம். இடுப்பு ஒரு பக்கம் சரிந்து, முள்ளந்தண்டு வளைந்து, சரிந்த பக்க என்பில் புண் வரும். இடுப்பின் அகலத்தோடு இரண்டரை சென்ரிமீற்றர் கூடுதல் போதும். ஆழம், முழங்கால் மடிப்புக்கு ஐந்து சென்ரிமீற்றர் முன்னே முடிய வேண்டும். மிதி நிலத்திலிருந்து ஐந்து சென்ரிமீற்றர் மேலே. குஷன் பத்து சென்ரிமீற்றர் தடித்த நல்ல ஸ்பொஞ்சாக இருக்கட்டும். தம்பி உட்கார்ந்திருக்கும்போது உள்ளங்கையை மேல்நோக்கி உட்காரும் என்புக்குக் கீழே விட்டுப் பாருங்கள். என்பு அடித்தட்டை முட்ட நெருங்கினால் அந்தக் குஷன் செத்துவிட்டது. முதல் நாள் கால் மணி நேரம் மட்டும் உட்கார்ந்து, தோலைப் பார்த்து, நாளுக்குக் கால் மணியாகக் கூட்டுங்கள். உட்கார்ந்திருக்கும்போது அரை மணிக்கு ஒரு தடவை, முழுதாக இரண்டு நிமிடம் முன்னுக்குச் சாய வேண்டும். கம்பி வைத்த முதுகுக்கு முன்வளைவு எப்போது ஆகும் என்று வைத்தியரைக் கேளுங்கள், அதுவரை பக்கத்துக்குப் பக்கம் சாயலாம். ஒரு கணம் கையூன்றித் தூக்கி இறங்குவது தசைக்கு இரத்தம் வரப் போதாது.

கடற்கரை ஊரில் கதிரைக்கு எதிரி இரண்டு: மணலும் உப்பும். முன் சின்னச் சில்லு மணலில் புதையும். கதிரையைத் திருப்பிப் பெரிய சில்லு முன்னே போகப் பின்பக்கமாக இழுத்தால் போகும். படலையிலிருந்து வாசல் வரையும் கிணற்றடிக்கும் ஒரு மீற்றர் அகலத்தில் சீமெந்துக் கல் பதிப்பதே நிரந்தர வழி, மாரி மழைக்கு முன் முடித்துவிடுங்கள். உப்புக் காற்று போல்பெறிங்கைத் தின்னும். கிழமைக்கு ஒரு தடவை நன்னீர்த் துணியால் துடைத்து உலர்த்தி எண்ணெய் விடுங்கள். இன்னொன்று, பலர் கவனிக்காதது: இந்தக் கதிரைகளின் பிறேக் ரயரை அமுக்கித்தான் பிடிக்கிறது. காற்றுக் குறைந்தால் பிறேக் போட்டும் கதிரை நழுவும், மாறும்போது விழுவார். உணர்வில்லாத காலின் என்பு மாதங்களில் மெலிந்துவிடுவதால் சிறு விழுகைக்கும் முறியும், வலியும் தெரியாது. விழுந்த பிறகு தொடை வீங்கினால் எக்ஸ்ரே எடுங்கள்.

வாசல் படிக்குச் சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு: 15 சென்ரிமீற்றர் படிக்கு 1.8 மீற்றர் நீளம். இரண்டு பலகையைச் சரித்து வைத்தால் பின்னுக்குக் கவிழும். கதவு குறைந்தது 80 சென்ரிமீற்றர். மலசலகூடத்தில் குந்தும் கோப்பை என்றால், அதன் மேலே தள்ளி நிறுத்தக்கூடிய உயரத்தில் நடுவே துளையிட்ட, மெத்தை போட்ட இரும்புக் கதிரையை வையுங்கள். பிளாஸ்ரிக் கதிரையில் துளை வெட்டும் வழக்கம் ஆபத்து. வெட்டிய விளிம்பு தோலைக் கிழிக்கும், ஈரத் தரையில் கால் விரிந்து கதிரையே உடையும்.

பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தித்து, மாதாந்தக் கொடுப்பனவு, கதிரை, வீட்டு மாற்ற உதவி மூன்றுக்கும் தனித்தனியாக விண்ணப்பியுங்கள். வைத்திய அறிக்கையின் பிரதிகள் ஐந்தாறு எடுத்து வையுங்கள்.

தம்பியின் மனதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நித்திரையில்லை, சாப்பாடு வேண்டாம், 'நான் ஏன் இருக்கிறேன்' என்ற பேச்சு வந்தால் அதைக் கவலை என்று விட்டுவிடாமல் மனநல கிளினிக்குக் கூட்டிப் போங்கள், மருந்தும் பேச்சும் உதவும். எரிவு, மின்சாரம் பாய்வது போன்ற வலி உண்மையான வலி, நரம்பு வலிக்கென்று தனி மருந்து உண்டு. திருமணம், உறவு, பிள்ளை பற்றிய கேள்விகள் அவருக்குள் இருக்கும், உங்களிடம் கேட்க மாட்டார். வைத்தியரோடு தனியே பேச அவருக்கு நேரம் கொடுங்கள், அவற்றுக்கும் வழிகள் இருக்கின்றன.

அவர் கேட்காமல் எதையும் எடுத்துக் கொடுக்காதீர்கள். சேட்டுப் போட அரை மணி எடுத்தாலும் அவரே போடட்டும். கடலுக்கு மீண்டும் போவது பிறகு பார்க்கும் விடயம். வலை பொத்துவது, இயந்திரம் திருத்துவது, கரையில் கணக்கு எழுதுவது இப்போதே முடியும். வலையை நிலத்தில் பரப்பாமல் மேசை உயரத்தில் கம்பத்தில் கட்டிக் கொடுங்கள், கீழே குனிந்து தோள் போகாது. வேலையில் மூழ்கினால் அரை மணி சாய்வை மறப்பார், அதனால் கைபேசியில் மணி வையுங்கள். மூன்றாம் மாதம் கொப்பியில் சிறுநீர் அளவு ஒழுங்காகி, கண்ணாடியில் தோல் சுத்தமாக இருந்தால், ஒரு பின்னேரம் ஓட்டோவில் நிலாவெளிப் பக்கம் கூட்டிப் போங்கள். பின் இருக்கைக்குப் பலகை வைத்தே மாறலாம், குஷனையும் கதிரையிலிருந்து எடுத்து ஓட்டோ இருக்கையில் போட மறக்க வேண்டாம்.